எல்லாம் எடுத்தாச்சு என்று நினைத்திருந்தேன்

தில்லி ஜனக்புரியில் ஒரு மறுவீட்டு விருந்து. கடைசிப் பந்தியும் எழுந்து கை கழுவப் போன பிறகுதான் சமையல்கட்டில் எங்களுக்கு இலை விழும். அன்றைக்கும் அப்படித்தான். என்னிடம் வெகுகாலமாக வேலை பார்க்கும் இசக்கி, சோற்றை வைத்துச் சொதியை ஊற்றினாள். இரண்டு வாய் சாப்பிட்டேன். மூன்றாவது வாய் உள்ளே போகவில்லை. வயிறு முட்டச் சாப்பிட்டு முடித்தவள் போல உட்கார்ந்திருந்தேன்.

“என்ன ஆச்சி, காக்கா கொத்துன மாதிரி கொத்திட்டு எந்திரிக்கீங்க?” என்றாள் இசக்கி.

“காலையிலேர்ந்து வாசம் பிடிச்சே வயிறு நெறஞ்சு போச்சுட்டி. நீ தின்னு.”

சமைக்கிறவர்கள் எல்லோரும் சொல்லும் பதில்தான். அதைச் சொல்லிவிட்டால் எதிரே இருப்பவர் மேற்கொண்டு கேட்க மாட்டார். நானும் என்னை மேற்கொண்டு கேட்டுக்கொள்ளவில்லை.

இதைப் படிக்கும் பெண்களில் யாருக்காவது இப்போது அப்படி இருக்கலாம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். என் மருமகள் நிவேதா எம்.பி.ஏ. படித்தவள். ஆனால் தில்லியிலேயே பிறந்ததால் அவளுக்குத் தமிழ் எழுத வராது. ஆகவே நாலாம் வகுப்புதான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தில்லி மோதி பாக் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் பியூன். மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அவர் போய்விட்டார். அழுதுகொண்டு ஊருக்குத் திரும்புவேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் கரண்டியைப் பிடித்தேன். இன்று தில்லியில் எங்கள் பக்கத்து ஆட்கள் வீட்டில் கல்யாணம் என்றால், மண்டபத்துக்கு முன்னால் என்னிடம் தேதி கேட்பார்கள். பெருமை அடிக்கிறாளே என்று நினைப்பீர்கள். பெருமைதான். யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை.

சொதி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் தேங்காய்ப்பாலில் செய்யும் குழம்பு அது. தேங்காய்ப்பால் வயிற்றை மந்தமாக்கும் என்பதால் கூடவே இஞ்சிப் பச்சடி கட்டாயம். நான் சமைக்கும்போது எதையும் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டேன். சாமிக்குப் படைக்காமல் எச்சில் படக்கூடாது. ஆவி முகத்தில் பட்டால் உப்பு குறைவா கூடவா என்று சொல்லிவிடுவேன். இந்த மூக்குக்கு இருந்த மரியாதை அப்படி.

இப்படிப்பட்ட எனக்கு வயிறு உப்புகிறது என்றால் நான் யாரிடம் போய் மருந்து கேட்பேன்? இஞ்சிப் பச்சடியை நானே வழித்துத் தின்றேன். பெருங்காயத்தை மோரில் கரைத்துக் குடித்தேன். துவரம்பருப்பை நிறுத்திப் பாசிப்பருப்புக்கு மாறினேன். உப்பிய வயிறு உப்பியபடியே இருந்தது. காலையில் கொஞ்சம் தேவலை போல இருக்கும். சாயங்காலம் புடவைக் கொசுவம் நிற்காது.

பிறகு அடிக்கடி மூத்திரம் போக வேண்டியிருந்தது. இப்போது நாங்கள் இருக்கும் துவாரகாவிலிருந்து மெட்ரோவில் ஏறினால் இறங்கும் வரை அதே நினைப்பு. குளிர்காலம், அப்படித்தான் இருக்கும் என்று எண்ணினேன். அடிவயிற்றில் ஒரு கனம். இடுப்பில் ஒரு வலி. அண்டா தூக்குகிறவளுக்கு இடுப்பு வலிக்காமல் யாருக்கு வலிக்கும்?

எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் கையில் இருந்தது. அதுதான் குழப்பம். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியில் இருந்த டாக்டரிடம் நிவேதா கூட்டிப் போனாள். அவர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, வாயு மாத்திரை கொடுத்தார். மூத்திரத்துக்குப் பரிசோதனை எழுதினார். அதில் ஒன்றும் இல்லை. சர்க்கரையும் இல்லை. “மாதவிடாய் எப்போது நின்றது?” என்று கேட்டார்.

“கர்ப்பப்பையையே எடுத்தாச்சு. எல்லாம் எடுத்தாச்சு” என்றேன்.

நாற்பது வயதுக்கு மேல் எனக்கு உதிரப்போக்கு அதிகமாகி, அரசாங்க ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கனம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நான் அடுத்த முகூர்த்தத்துக்கே அடுப்படியில் நின்றேன். அந்தக் கதையைச் சொல்லாத சமையல்கட்டே கிடையாது. வேதனைப்படும் பெண்களிடம், எடுத்துப்போட்டுவிட்டு நிம்மதியாக இரு என்று சொல்லி வந்தேன்.

ஆகவே டாக்டர் அந்தப் பக்கத்துக் கேள்வியை அதோடு விட்டுவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் சொசைட்டியில் பெண்களுக்கான பரிசோதனை முகாம் ஒன்று போட்டார்கள். கீழே ஹாலில் வரிசை நின்றது. நிவேதா என் கையைப் பிடித்து இழுத்தாள். “அத்தை, சலோ, ஒரு தடவை காட்டிட்டு வந்திரலாம். ஜல்தி முடிஞ்சிரும்.”

“எனக்கு எதுக்குட்டி? உள்ள வீடே காலி. காலி வீட்டுல யாரு திருட வருவான்?”

வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் குஷியாகிவிட்டது. அங்கேயே நின்று இன்னும் இரண்டு ஜோக் அடித்துவிட்டு மேலே வந்து படுத்தேன். படுத்தால் மூச்சு முட்டியது. ஒருக்களித்துப் படுத்தேன்.

அந்த முகாமில் எடுத்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை. எனக்கு வந்ததை அதில் கண்டுபிடிக்க முடியாது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்படியானால் நான் போகாததால் நஷ்டமில்லை என்பதா? இல்லை, போயிருந்தால் யாராவது ஒரு நர்ஸ் என் வயிற்றைப் பார்த்திருப்பாள் என்பதா? இரண்டு பக்கமும் யோசித்துவிட்டேன். 

புடவை ஒரு நல்ல உடை, மோசமான சாட்சி. இடுப்பு பெருத்தாலும் அதற்குத் தெரியாது. உள்பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டினால் முடிந்தது. ரவிக்கையோ தொளதொளவென்று ஆகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தவர்கள் இளைத்துவிட்டீர்கள் என்றார்கள். வயிற்றைப் பார்த்தவர்கள் செழிப்பாக இருக்கிறீர்கள் என்றார்கள். நான் யாரை நம்புவது?

ஒரு கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டிவிடும்போது நிவேதா கொசுவத்தைச் செருகினாள். செருகிய கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

“அத்தை, வயிறு கல்லு மாதிரி இருக்கு.”

“கேஸுட்டி.”

“கேஸ் இப்படி இருக்காது. பாருங்க, கையில எலும்பு தெரியுது. வயிறு மட்டும் எட்டு மாசம் மாதிரி. நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா?”

“நானும் பெத்தவதான்.”

“அப்ப உங்களுக்கே தெரியணும்ல?” என்று சொல்லிவிட்டு அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். மறுநாள் வேலைக்கு லீவு போட்டு என்னை ஸ்கேனுக்குக் கூட்டிப் போனாள்.

ஸ்கேன் அறையில் இருந்த பெண் மருத்துவர் வயிற்றில் பசையைத் தடவிக் கருவியை உருட்டினார். முதலில் நிவேதாவோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார்.  குழம்பைப் பார்த்துவிட்டு விருந்தாளி பேசாமல் இருப்பது போல இருந்தது.

“மாதாஜி, முன்னாடி ஏதாவது ஆபரேஷன்?” என்று இந்தியில் கேட்டார்.

“கர்ப்பப்பை. எல்லாம் எடுத்தாச்சு.”

அவர் சொன்ன அடுத்த சொல் எனக்குப் புரியவில்லை. நிவேதாவைப் பார்த்தேன். “ஓவரி, அத்தை. தமிழ்ல என்னன்னு எனக்குத் தெரியல. அதையும் எடுத்தாங்களான்னு கேக்குறாங்க.”

“எல்லாம்னா எல்லாந்தான். அங்க ஒண்ணும் கெடையாதுன்னு சொல்லு.”

மருத்துவர் திரையை என் பக்கம் திருப்பினார். கறுப்பும் சாம்பலுமாக ஏதோ தெரிந்தது. “இது இருக்கிறது, மாதாஜி. இரண்டு பக்கமும் இருக்கிறது. வலது பக்கம் கட்டி. சுற்றிலும் தண்ணீர்” என்றார்.

எனக்கு வேறு யாருடைய வயிற்றையோ காட்டுகிறார்கள் என்றே தோன்றியது. வெளியே வந்தும் நிவேதாவிடம் அதையேதான் சொன்னேன். மிஷின் மாறியிருக்கும், இன்னொரு இடத்தில் பார்ப்போம் என்றேன். இன்னொரு இடத்திலும் அதுதான் இருந்தது.

அதன் தமிழ்ப் பெயர் சினைப்பை. இந்தக் கட்டுரைக்காகத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மீனுக்குச் சினை என்பார்கள்; சைவச் சமையல்காரியான எனக்கு அதுவும் பழக்கமில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் புற்றுநோய் மருத்துவரும் பெண்தான். என் சமையல்கட்டு இந்தியைப் பொறுமையாகக் கேட்பார். ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். நடுவில் ஒரு பை. இரண்டு பக்கமும் கை நீட்டியது போலக் குழாய்கள். ஒவ்வொரு கையின் நுனியிலும் பாதாம் பருப்பு போல ஒன்று. பையை எடுக்கும்போது பாதாமை விட்டுவிடுவது உண்டாம். உடம்புக்கு வேண்டிய சுரப்பு அதிலிருந்து வருகிறதாம்.

“என்கிட்ட யாரும் சொல்லலையே?”

“சொல்லியிருக்கலாம், மயக்கத்தில் உங்களுக்குக் கேட்டிருக்காது. சொல்லாமலும் இருந்திருக்கலாம்” என்றார்.

இத்தனை வருடம் என் உடம்பில் இல்லை என்று நான் ஊரெல்லாம் சொல்லி வந்த ஒன்று, உள்ளே சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. அதை நினைத்துப் பயப்படுவதா, வெட்கப்படுவதா, அதன் மேல் பரிதாபப்படுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வயிற்று நீரை ஊசியால் எடுத்துப் பார்த்தார்கள். பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதித்தல்) செய்தார்கள். சி.ஏ. நூற்றிருபத்தைந்து என்று ஒரு ரத்தப் பரிசோதனை (புற்றுநோய் இருந்தால் கூடக்கூடிய ஒரு பொருளை அளப்பது, வேறு காரணத்தாலும் கூடும்) எடுத்தார்கள். மூன்றாம் நிலை என்றார்கள். அதாவது இடுப்புக்குள் நிற்காமல் வயிற்றுக்குள்ளும் பரவியிருக்கிறது.

“மூணாவதுதானா? நான் நாலாவது பாஸ்” என்றேன். நிவேதா இதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

மருத்துவர் எங்கள் குடும்பத்தில் யாருக்காவது மார்பிலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்ததா என்று விசாரித்தார். என் பெரியம்மா வயிறு வீங்கிச் செத்தாள். ஊரில் அதை மகோதரம் என்றார்கள். இதுவா அது, வேறா என்று யாரால் சொல்ல முடியும்?  மருத்துவர் மரபணுப் பரிசோதனை ஒன்று செய்யச் சொன்னார். மரபணுவில் கோளாறு இருந்தால் ஆண்பிள்ளைக்கும் அது இறங்கலாம் என்றபோது, கூட வந்திருந்த என் மகன் சங்கர் முதல்முறையாக வாய் திறந்து, “எனக்கா?” என்றான். பரிசோதனை முடிவில் எனக்கு அந்தக் கோளாறு இல்லை என்று வந்தது. அப்படியானால் எதனால் வந்தது என்றால் அதற்கும் பதில் இல்லை.

கடைசியில் நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். “மூணாவது வாய் உள்ள போகலையே, அன்னைக்கே வந்திருந்தா?”

“முன்னாலேயே பிடித்திருக்கலாம். பிடிபடாமலும் போயிருக்கலாம். ஆனால் வந்திருந்தால் தேடியிருப்போம்” என்றார்.

முதலில் கீமோதெரபி (நரம்பு வழியாக ஏற்றும் புற்றுநோய் மருந்து), கட்டி சுருங்கிய பிறகு அறுவை, அதன் பிறகு மறுபடி கீமோ. முதல் தடவை ஏற்றி வீட்டுக்கு வந்தபோது தைரியமாகத்தான் இருந்தேன். இரண்டு நாள் கழித்து நிவேதா கடுகு தாளித்தாள். அந்த வாசனையைத் தாங்க முடியவில்லை. அடுப்படிக் கதவைச் சாத்தச் சொன்னேன். என் வாழ்க்கையில் அடுப்படிக் கதவைச் சாத்தச் சொன்னது அதுதான் முதல் தடவை.

முடி கொட்டியது. அதற்கு நான் அழவில்லை. சமையல்காரிக்கு முடி ஒரு இடைஞ்சல் என்றேன். வாயில் எப்போதும் தகரச் சுவை. விரல் நுனிகள் மரத்துப்போயின. ஒரு நாள் பால் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு நிற்கிறேன். எனக்குச் சூடு தெரியவில்லை. நிவேதா கத்திய பிறகுதான் கையைப் பார்த்தேன்.

அறுவை அன்று வெகுநேரம் ஆயிற்றாம். சினைப்பைகள், குழாய்கள், குடலின் மேல் போர்வை மாதிரி இருக்கும் கொழுப்புத் திரை எல்லாவற்றையும் எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து நான் கேட்ட முதல் கேள்வியை நிவேதா இப்போதும் சொல்லிச் சிரிப்பாள்.

“இப்பவாவது எல்லாம் எடுத்தாச்சா?”

“கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் எடுத்திருக்கிறோம்” என்றார் மருத்துவர்.

கண்ணுக்குத் தெரிந்தது என்றால் தெரியாதது இருக்கிறதா? அதற்குத்தான் மறுபடியும் கீமோ என்றார்கள். அதையும் முடித்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஊசிக்குக் காத்திருந்த பெண்களோடு பேசினேன். பீகார்க்காரி ஒருத்தி, மீரட்டிலிருந்து ஒருத்தி. எல்லோருக்கும் முதலில் வயிற்றுக் கோளாறுதான். எல்லோரும் வாயு மருந்து தின்றவர்கள். சோம்பு, ஓமம், கறுப்பு உப்பு என்று ஆளுக்கொரு பொடி. கடை கடையாகத் தின்றிருக்கிறோம்.

அதனால் உங்களுக்குச் சொல்லுகிறேன். வயிறு உப்பி, வடியாமலே இருப்பது. கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துபோவது. அடிவயிற்றிலோ இடுப்பிலோ வலி, கனம். அடிக்கடி மூத்திரம். இவை முன்பு இல்லாமல் புதிதாக வந்து, பெரும்பாலான நாட்களில் இருந்து, சில வாரங்களாகியும் போகவில்லை என்றால் பெண்கள் நல மருத்துவரிடம் போங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லுங்கள். நான் செய்தது போல ஒன்றைச் சொல்லி ஒன்றை விட்டுவிடாதீர்கள். முக்கால்வாசி அது வாயுவாகவோ வேறு சாதாரணக் கோளாறாகவோதான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். “சினைப்பையைப் பார்க்க ஸ்கேன் வேண்டுமா?” என்று நீங்களே கேளுங்கள். உடம்பில் ஒன்றும் தெரியாதபோதே எல்லோருக்கும் வருடா வருடம் எடுத்துக் கண்டுபிடிக்கும் நம்பகமான சோதனை இதற்குக் கிடையாதாம். ஆகவே உடம்பு சொல்லும்போது கேட்பதுதான் வழி.

கர்ப்பப்பையை எடுத்தவர்கள், எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று விசாரித்து வையுங்கள். மாதவிடாய் நின்றவர்களும் இதெல்லாம் இனி நமக்கில்லை என்று இருந்துவிடாதீர்கள்.

நான் குணமாகிவிட்டேனா என்று கேட்கிறார்கள். எனக்கும் அதே கேள்விதான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போகிறேன். போன தடவை போவதற்கு முன், துவாரகாவிலேயே இருக்கும் ஒரு குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்தது. தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம், மறுவீட்டுச் சொதி நான்தான் என்றார்கள். முன்பெல்லாம் காலண்டரைப் பார்க்காமலே தலையாட்டுவேன். இப்போது வாய் வரவில்லை. டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

மருத்துவரிடம் தை என்றால் என்ன மாதம் என்பதை நிவேதா விளக்கினாள். அவர் பரிசோதனை முடிவுகளைப் பார்த்தபடியே, “ஒத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அழைப்பு உண்டா?” என்றார்.

“அப்ப எனக்கு ஒண்ணுமில்லைன்னு அர்த்தமா?”

“இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை.”

“இப்போதைக்குன்னா எது வரைக்கும்?”

“அடுத்த தடவை நீங்கள் வரும் வரைக்கும்.”

தை வந்தது. நானும் போனேன். நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு சமைத்தேன். மூக்கு பழையபடி இல்லை. ஆவி முகத்தில் அடிக்கிறது, உப்பைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறது. சாமிக்குப் படைத்த பிறகு இசக்கி ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்து, “சரியாத்தான் இருக்கு” என்றாள். அதை நம்ப வேண்டியிருந்தது.

பெண்ணின் அப்பாவிடம், முதல் பந்தியில் எனக்கு ஒரு இலை போடச் சொன்னேன். சமைத்தவள் முதல் பந்தியில் உட்காருவதை அவர்கள் பார்த்ததில்லை. நானும் உட்கார்ந்ததில்லை. சம்பந்தி வீட்டு அம்மா ஒருத்தி, “ஆச்சிக்குப் பசி தாங்கல போலுக்கு” என்றாள். “ஆமாம்மா, அறுபது வருசத்துப் பசி” என்றேன்.

மெதுவாகச் சாப்பிட்டேன். மூன்றாவது வாய் உள்ளே போயிற்று. அடுத்ததும் போயிற்று. அப்பளத்தை நொறுக்கி, இஞ்சிப் பச்சடியைத் தொட்டு, இலையில் பாதிக்கு மேல் காலி செய்தேன். பிறகு ஒரு இடத்தில் கை நின்றது. இது வெறும் நிறைவா, பழைய நிறைவா? முன்பு எனக்கு வயிறு என்று ஒன்று இருப்பதே நினைவில் இருக்காது. இப்போது பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கும் ஆள் போல அது கூடவே இருக்கிறது.

இசக்கி சொதி வாளியோடு வந்து நின்றாள். “இன்னும் ஊத்தட்டா ஆச்சி, போதுமா?”

இடது கையை வயிற்றின் மேல் வைத்தேன்.

“கொஞ்சம் பொறுட்டி. கேட்டுச் சொல்லுதேன்.”